இரண்டடி தூரத்தில் ஒரு வெள்ளை

இதை நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். யார் தலையிலும் அடித்துச் சத்தியம் பண்ணுகிற உத்தேசம் இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். போன வருஷம் ஆடி மாசத்து வியாழக்கிழமை, குற்றாலத்தில், சிற்றாற்றை ஒட்டிய ஒரு வீட்டில் நடந்தது. நேரம்கூட நிமிஷக் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா நேரத்தை எழுதி வைத்துவிடும். மனுஷன் பயத்தில் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வான். கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

பேய்க் கதை என்றதும் நடுச்சாமம், நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்து ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீடு நிறைய ஆட்கள். அடுப்படியில் மறுநாள் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

சஃப்ரினும் மஞ்சுவும் தென்காசியில் சேர்ந்து ஸ்டுடியோ நடத்தியவர்கள். சஃப்ரின் தென்காசிக்காரி. மஞ்சு கீழப்பாவூர். ஆடி மாசம் மஞ்சுவின் ஆட்கள் பக்கம் கல்யாணம் கிடையாது; சஃப்ரினின் ஆட்கள் பக்கம் உண்டு. ரம்ஜான் மாசத்தில் நேர்மாறு. இப்படி ஒருத்தியின் ஆட்களை வைத்து இன்னொருத்தி பிழைத்ததால் ஸ்டுடியோ வருஷம் முழுக்க ஓடியது.

முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துக்கு ஆம்பளை போட்டோகிராபரை விடமாட்டார்கள். அதனால் இவர்களுக்கு நல்ல கிராக்கி. அதிலும் ஒரு கட்டு உண்டு. பெண்கள் பக்கம் எடுத்த படம் ஒன்றுகூட ஸ்டுடியோவில் தங்கக் கூடாது. வேலை முடிந்ததும் கார்டைக் கழற்றி வீட்டார் கையில் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். படத்தைக் காட்டு பார்ப்போம் என்று கேட்கப்போகிறவர்களுக்காகத்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு மணப்பெண் ஷிஃபா. மறுநாள் நிக்காஹ். அவளுக்கு நாலு வயசாக இருக்கும்போதே உம்மா இறந்துபோனாள். வளர்த்தது உம்மாவின் தங்கை நஸீபா. வாப்பா துல்கர்னைன் சவுதியில், தம்மாமில் இருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று மத்தியானம் சஃப்ரினுக்கு அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அம்மா, எனக்கு ஆல்பம்லாம் வேண்டாம். மணப்பொண்ணு கோலத்துல எம்பிள்ளை படம் ஒண்ணு. ஒண்ணு போதும். நம்ம ஊரு நேரம் ஏழு மணிக்கு எனக்கு டூட்டி. போனை கேட்லயே வாங்கி வச்சிருவான். அப்புறம் பாலைவனத்துல நாலு நாளு. ஏழுக்குள்ள அனுப்பிருங்கம்மா. அவ உம்மா படம் ஒண்ணுகூட எங்கிட்ட கிடையாது. பிள்ளை படமாவது இருக்கட்டும்."

ஒரே ஒரு படம். ஏழு மணிக்குள். சஃப்ரினுக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை. பத்து நிமிஷ வேலை என்று நினைத்துத்தான் ஸ்கூட்டரில் ஏறினாள்.

அவள் மனசை அரித்துக்கொண்டிருந்தது வேறு. இரண்டு நாள் முன்னால், கேமரா ரிப்பேர் பார்க்கிற இசக்கிப்பாண்டி அண்ணாச்சி பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டார். "ஒங்க மஞ்சு வந்திருந்தாளே. ப்ளாஷ் வெல, கேமரா வெலல்லாம் விசாரிச்சிட்டுப் போனா. நீங்க சொல்லித்தான் வந்தான்னு நெனச்சேன்."

சஃப்ரின் சொல்லவில்லை. போய்வந்ததை மஞ்சுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சஃப்ரின் கண்ணில் மஞ்சு என்ன செய்தாலும் தப்பாகவே தெரிந்தது. போன் வந்தால் எழுந்து வெளியே போகிறாள். ஏன்? நேற்று அச்சன்புதூர் வேலைக்குக் கேமராவைக் கொண்டுபோனவள் பையை இடம் மாற்றி வைத்திருக்கிறாள். ஏன்? சந்தேகம் சொறி மாதிரி. சொறியச் சொறியச் சுகம்.

மஞ்சுவோடு கல்யாண வீட்டுக்குப் போனபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் பந்தல் போடுகிற ஆட்கள். அதனால் ஷிஃபா இருந்த அறையின் ஜன்னல் எல்லாம் அடைத்துக் கொக்கி போட்டிருந்தது. ஒரு பழைய ட்யூப் லைட். சிவப்புச் சிமெண்டுத் தரை. கரும்பச்சைப் பட்டில், கழுத்து நிறைய நகையோடு, நாற்காலியில் ஷிஃபா உட்கார்ந்திருந்தாள். சஃப்ரின் எட்டடி தள்ளி நின்றாள். கேமரா மேல் ப்ளாஷை மாட்டினாள். நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் தரை.

5:42. முதல் படம்.

இருட்டு.

ஷிஃபாவின் நகை மட்டும் மங்கலாக மினுங்கியது. முகம் இருக்கிற இடம் தெரியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இது புரியாவிட்டால் மற்றதும் புரியாது. வெளி ப்ளாஷ் மாட்டினால் கேமரா இரண்டு கணக்குப் போடும். அறையில் கிடக்கிற வெளிச்சம் எவ்வளவு என்பது ஒரு கணக்கு. பட்டனைப் பாதி அமுக்கும்போதே அது முடிந்துவிடும். மற்றது ப்ளாஷ் கணக்கு. பட்டனை முழுக்க அமுக்கினதும் ப்ளாஷ் முதலில் ஒரு குட்டி வெளிச்சம் விடும். அது எதிரே இருப்பதன் மேல் பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு திரும்பி வந்தது என்று மீட்டர் அளக்கும். அளந்த பிறகுதான் பெரிய வெளிச்சம். படம் விழுவது அந்தப் பெரிய வெளிச்சத்தில்தான். இரண்டும் கண் இமைக்கிறதுக்குள் முடிந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு ஒரே வெட்டாகத் தெரியும். இதற்கு டிடிஎல் என்று பேர்.

எதிரே கறுப்பு இருந்தால் கொஞ்சம்தான் திரும்பி வரும். அப்போது பெரிய வெளிச்சத்தைக் கேமரா கூட்டிவிடும். வெள்ளை இருந்தால், அதுவும் கிட்டத்தில் இருந்தால், எக்கச்சக்கமாகத் திரும்பி வரும். உடனே குறைத்துவிடும். கல்யாண வீட்டில் வெள்ளைச் சட்டை மாமா யாராவது குறுக்கே வந்தால் பொண்ணும் மாப்பிள்ளையும் இருட்டாவது இதனால்தான்.

இங்கே குறுக்கே யாரும் வரவில்லை.

சஃப்ரின் மஞ்சுவைப் பார்த்தாள். "நேத்து ப்ளாஷ் அளவைக் கொறச்சு வச்சியாட்டி?"

"இல்லையே. ஏன்?"

சஃப்ரின் கேமரா மெனுவைத் திறந்தாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பூஜ்யம். 5:44, 5:45 இரண்டு படம். இருட்டு. 5:48. பேட்டரி நாலையும் மாற்றினாள். இருட்டு.

இன்னொன்றையும் கவனித்தாள். பெரிய வெளிச்சம் அடித்துவிட்டு மறுபடி தயாராகும்போது ப்ளாஷ் 'ஙொய்ய்ய்' என்று சிணுங்கும். அன்றைக்குச் சிணுங்கவே இல்லை. அடித்ததே கொஞ்சம்தான் என்று அர்த்தம். இவ்வளவு போதும் என்று மீட்டர் நினைக்கிறது. எதைப் பார்த்து நினைக்கிறது?

5:55. நஸீபாவைச் சுவரோரம் நிறுத்தி ஒன்று எடுத்தாள். பளிச்சென்று வந்தது. ப்ளாஷ் சிணுங்கியது.

6:02. ஷிஃபாவை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் மஞ்சுவை உட்காரவைத்தாள். பளிச்.

6:04. ஷிஃபா உட்கார்ந்தாள்.

இருட்டு.

"அக்கா," என்றாள் ஷிஃபா. இதுவரை வாய் திறக்காத பெண். "வெளிச்சமே எம்மேல படலியே. அடிக்கும்போது ஒரு நிழல்லா விழுது."

"எங்கன விழுது?"

"எம்மேலதான். யாரோ குறுக்க நிக்க மாதிரி."

சஃப்ரினுக்குச் சுருக்கென்றது. பயம் இல்லை. கோபம். பின்னால் நின்றிருந்த மஞ்சுவின் கையைத் திரும்பிப் பார்த்தாள். கையில் ஷிஃபாவின் துணிப்பெட்டிச் சாவி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. இருந்தாலும் பார்த்தாள். மஞ்சுவும் அவள் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சந்தேகப்பட்டவள் கண்ணுக்குப் பேயே வந்து நின்றாலும் கூட்டாளியாகத்தான் தெரியும்.

6:12. லென்ஸில் ஆவி படிந்துவிட்டது. சாரல் நாளில் அது சகஜம். துடைத்தாள். ஆனால் கையில் ஒரு வாடை ஒட்டியது. பாசி வாடை. ஆற்றுக்கல்லைத் தொட்டால் வருமே, அது.

6:15. கால் கூசியது. குனிந்து பார்த்தாள். அவள் நின்ற இடத்துக்கு இரண்டடி முன்னால் தரை ஈரமாக இருந்தது. ஒரு தாம்பாளத் தட்டு அகலம்.

"சாரல் உள்ள அடிக்குது போல," என்று நஸீபா ஒரு துணியைப் போட்டுத் துடைத்தாள். ஜன்னல் எல்லாம் கொக்கி போட்டிருந்தது. ஈரத்துக்கு நேர் மேலே கூரையைப் பார்த்தார்கள். காய்ந்து கிடந்தது.

6:20. ஈரம் திரும்ப வந்திருந்தது. அதே இடம். அதே அகலம்.

மஞ்சு குரலைத் தாழ்த்தினாள். "ஏட்டி, கொஞ்சம் தள்ளி வா. ஒண்ணு சொல்லுதேன். ப்ளாஷுல ஒண்ணும் கோளாறு இல்ல. மீட்டரும் சரியாத்தான் அளக்குது. ரெண்டடியில வெள்ளையா ஏதோ இருக்குன்னு சொல்லுது."

"என்னட்டி இருக்கு? காட்டு பாப்போம்."

"எனக்குத் தெரியல. குட்டி வெளிச்சத்துக்கு இருக்கு. பெரிய வெளிச்சம் வாரதுக்குள்ள இல்லாம போயிருது. எனக்கு இந்த ரூம் பிடிக்கல. ப்ளாஷைக் கழத்திருவோம்."

சஃப்ரின் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். "கழத்திருவோமா? ப்ளாஷ் இல்லாம இந்த இருட்டுல எப்படி எடுக்க? படம் கெட்டா யாருக்கு லாபம்ட்டி? இசக்கிப்பாண்டி அண்ணாச்சி எல்லாம் சொல்லிட்டாரு. தனியா கடை போடதுக்கு முன்னால எங் கடைப் பேரைக் கெடுத்துட்டுப் போகணுமாக்கும்."

மஞ்சுவின் முகம் வெளுத்தது. "வெல கேட்டது நிசம். வீட்டுக்காரரு கேக்கச் சொன்னாரு. நான் வேண்டாம்னுதான் சொல்லிட்டு இருந்தேன். ஒன் ப்ளாஷை நான் தொடல சஃப்ரின்."

எப்போதும் ஏட்டி என்பவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அது சஃப்ரினுக்கு உறைத்தது. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க அப்போது மனசு வரவில்லை.

6:46. மக்ரிப் பாங்கு சொன்னார்கள். வீடு அடங்கியது. நஸீபாவும் மற்ற பெண்களும் தொழப் போனார்கள். அறையில் மூன்று பேர்.

மூன்று பேர்தான்.

ஏழுக்கு இன்னும் பதினாலு நிமிஷம். கேமராவில் பத்தொன்பது இருட்டுப் படம்.

சஃப்ரின் ஒரு முடிவுக்கு வந்தாள். மீட்டரை நம்பினால்தானே வம்பு? ப்ளாஷை டிடிஎல்லில் இருந்து மேனுவலுக்கு மாற்றினாள். மேனுவலில் குட்டி வெளிச்சம் கிடையாது. அளவும் கிடையாது. இவ்வளவு அடி என்று நாம் சொன்னால் அவ்வளவு அடிக்கும். ஒரே வெளிச்சம். பாதிப் பவர் வைத்தாள்.

6:49. மஞ்சுவை நாற்காலியில் உட்காரவைத்து ஒன்று எடுத்துப் பார்த்தாள். கச்சிதம். எட்டடிக்கு அளவெடுத்த வெளிச்சம்.

"இப்ப யாரு கை வைக்கான்னு பாப்போம்," என்றாள்.

ஷிஃபா உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள்.

சஃப்ரின் கேமராவைக் கண்ணில் வைத்தாள். பொழுது சாய்ந்து அறை நன்றாக இருண்டிருந்தது. பாதி அமுக்கினாள். இருட்டில் லென்ஸ் குறி பிடிப்பதற்காக ப்ளாஷிலிருந்து சிவப்புக் கோடுகள் விழும். ஆளின் மேல் பட்டுத் தெரியும்.

விழுந்தது.

ஷிஃபாவின் மேல் இல்லை.

அவளுக்கு வெகு முன்னால். வெறும் காற்றில்.

கோடுகள் நேராக இல்லை. வளைந்து... மடிந்து... துணியின் மடிப்பில் விழுந்தால் எப்படி இருக்கும், அப்படி.

க்ர்ர்ர்.

லென்ஸ் தானாகத் திரும்பியது. எட்டடியில் இருந்து கிட்டே... இன்னும் கிட்டே...

டிக்.

நின்றது. இரண்டடி.

பாசி வாடை.

அமுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் பதினைந்து வருஷமாகப் பழகிய விரல். குறி பிடித்தால் அமுக்கிவிடும்.

6:51.

ப்ளாஷ் வெட்டியது.

ஙொய்ய்ய்...

திரையில் வெள்ளை.

ஷிஃபா இல்லை. நாற்காலி இல்லை. சுவர் இல்லை. மேலிருந்து கீழ் வரை வெள்ளை.

மஞ்சு வந்து கேமராவை வாங்கினாள். படத்தைப் பெரிசாக்கினாள். மேலே, ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தில், ஒன்றும் இல்லை. எரிந்துபோன வெள்ளை. கீழே இடது மூலையில் மட்டும் வெளிச்சம் குறைந்திருந்தது.

அங்கே துணி தெரிந்தது. ஊடும் பாவும் எண்ணலாம் போல அவ்வளவு துல்லியம். நனைந்த துணி. அதில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு தையல். வெள்ளைத் துணியில் பச்சை நூல்.

மஞ்சு ப்ளாஷைக் கழற்றிக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். ட்யூப் லைட் வெளிச்சத்திலேயே, குறைந்த வெளிச்சமே போதும் என்கிற அளவுக்குக் கேமராவின் ஐஎஸ்ஓவைக் கூட்டி, சுவரில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்று எடுத்தாள். 6:56. கொஞ்சம் புள்ளி புள்ளியாக, ஆனால் ஷிஃபா ஷிஃபாவாக வந்திருந்தாள். தொழுதுவிட்டு வந்த நஸீபாவின் போனில் ஏற்றி அனுப்பினார்கள். 6:58க்கு நீல டிக் விழுந்தது. துல்கர்னைன் பார்த்துவிட்டார்.

கார்டைக் கொடுக்கும்போதுதான் சஃப்ரின் அந்தக் கடைசிப் படத்தை ஒழுங்காகப் பார்த்தாள். ஷிஃபா லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் லென்ஸைப் பார்க்கவில்லை. லென்ஸுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஆள் உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரைப் பார்த்தே?" என்று கேட்க வாய் வந்தது. கல்யாணப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது. கேட்கவில்லை. வழக்கப்படி கார்டைக் கழற்றி நஸீபா கையில் வைத்துவிட்டுப் படி இறங்கினார்கள்.

தென்காசி வரை ஸ்கூட்டரில் மஞ்சு பின்னால் உட்கார்ந்து வந்தாள். எப்போதும் தோளைப் பிடித்துக்கொள்கிறவள் அன்றைக்குப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் என்ன ஆனார்கள் என்பதைப் பிறகு சொல்வானேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் கீழப்பாவூரில் மஞ்சு தனிக் கடை போட்டாள். சஃப்ரின் மன்னிப்புக் கேட்டாள், மஞ்சுவும் "சரிட்டி, விடு" என்றாள். ஆனால் உடைந்த பானையில் தண்ணீர் பிடிக்க முடியாது.

நாலு நாள் கழித்துத் திங்கட்கிழமை சாயங்காலம் தம்மாமிலிருந்து போன் வந்தது. சஃப்ரின் கடையில் தனியாக இருந்தாள்.

"அம்மா, துல்கர்னைன் பேசுதேன். படம் ரொம்ப நல்லாருந்துச்சு. எங்கூட வேல பாக்கவன் எல்லாருக்கும் காட்டிட்டேன்."

"சந்தோஷம் மாமா."

"ஒண்ணு கேக்கணும். நஸீபாவுக்கு எது நல்ல படம்னு தெரியல. கார்டுல இருந்தது பூராத்தையும் அனுப்பிட்டா. மத்த ஷிஃபா படமெல்லாம் ஒரே இருட்டு. கடைசிக்கு முந்துனது மட்டும் வெள்ளையா இருக்கு."

"அது தப்பா எடுத்தது மாமா. லைட்டு கூடிப்போச்சு. அழிச்சிருங்க."

"கீழ மூலையில பச்சை நூல் தையல் இருக்குல்லா."

சஃப்ரின் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"அது நான் போட்ட தையலும்மா."

அவர் அவசரமில்லாமல் சொன்னார். கல்யாணமான புதிதில், பெண்டாட்டி சுல்தான் பீவி மேலிருந்து கீழ் வரை போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டியைத் தேய்த்துத் தருகிறேன் என்று இஸ்திரிப்பெட்டியை வைத்துச் சுட்டுவிட்டார். வெளியே போக அவளுக்கு இருந்தது அந்த ஒரு துப்பட்டிதான். வீட்டில் பச்சை நூல்தான் இருந்தது. அவரே உட்கார்ந்து தைத்தார். கோணல் மாணலாக. அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளாம். வேறு வாங்கிக்கொடுத்தும் அதையேதான் போர்த்துவாளாம்.

"அவளுக்குப் படம்னாலே ஆகாது. நிக்காஹுக்குக்கூட எடுக்க விடல. யாராவது கேமராவத் தூக்குனா துப்பட்டிய இழுத்து மூஞ்சிய மூடிக்கிடுவா. அப்புறம் எனக்கு ஃபேமிலி விசா வந்துச்சு. பாஸ்போர்ட்டுக்குப் படம் வேணும்லா. நான்தான் போன்ல கெஞ்சுனேன். சரின்னா. ஷிஃபாவ நஸீபாகிட்ட விட்டுட்டு, தென்காசியில ஸ்டுடியோவுக்குப் போறேன்னு கெளம்பினா. நீங்க படம் எடுத்த அந்த வீட்டுல இருந்து பஸ்ஸுக்குப் போகணும்னா அப்பல்லாம் ஆத்துக்குள்ள கல்லு மேல நடந்துதான் போகணும். ஆடி மாசம். மலையில மழை பெஞ்சது கீழ யாருக்கும் தெரியல."

போனில் காற்று இரைந்தது.

"ரெண்டு நாளு கழிச்சு ஆளு கெடச்சா. துப்பட்டி மட்டும் கெடைக்கவே இல்லம்மா. ஆத்துல எங்கன தேடியும் கெடைக்கல. பதினெட்டு வருஷம் ஆச்சு."

சஃப்ரின் எழுந்து கடைக் கதவைச் சாத்தினாள். ஏன் சாத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

"அன்னைக்கு அவ படம் எடுக்கத்தான் கெளம்பினா," என்றார் மறுபடியும். "அந்தப் படத்துல மேல பூரா வெள்ளையா இருக்கே... அங்கன முகம் இருக்கணும்லா. கம்ப்யூட்டர்ல போட்டு ஏதும் பண்ண முடியுமா?"

இருண்ட படத்தைக் கொஞ்சம் தூக்கி எடுத்துவிடலாம். எரிந்துபோனதை ஒன்றும் செய்ய முடியாது. அங்கே எடுக்க ஒன்றுமே இருக்காது. மேனுவலில் முன்னால் குட்டி வெளிச்சம் இல்லாததால், அவள் விலகுவதற்குள் எட்டடிக்கு வைத்த வெளிச்சம் இரண்டடியில் நின்றவள் மேல் பதினாறு மடங்காக விழுந்திருக்கிறது. குறைத்து வை, இரண்டடியில் ஆள் நிற்கிறது, குறைத்து வை என்று மீட்டர் பத்தொன்பது தடவை சொன்னது. மஞ்சுவும் ஒரு தடவை சொன்னாள், மீட்டர் சரியாகத்தான் அளக்கிறது என்று.

"முடியாது மாமா," என்றாள் சஃப்ரின். அழுகை வந்துவிட்டது. "நான் லைட்டைக் கூட்டி வச்சிட்டேன்."

வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தாள். 6:51 என்றிருந்தது.

"சரிம்மா, அழாதீங்க. ஷிஃபாவுக்குப் பிள்ளை பொறந்தா பேரு வைக்க கூப்பிடுவோம். அதே வீட்டுலதான் வைப்போம். நீங்கதான் வந்து எடுக்கணும்."

"வாரேன் மாமா."

"அன்னைக்கு லைட்டைக் கொறச்சே வையுங்க."